மேசைக்கு அந்தப் பக்கம்

மறுபடியும் டப்பா போடுதா. விடையைச் சுத்தி, ஸ்கேல் வச்சு, மூலை பிசகாம ஒரு டப்பா. போன மாசம் வரைக்கும் இந்தப் பழக்கம் கிடையாது இவளுக்கு. விடை வந்தா அடியில ரெண்டு கோடு இழுப்பா, ரெண்டும் கோணலாப் போகும், நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கோடு கோணினா என்ன, விடை கோணாம இருந்தாச் சரி. இப்ப டப்பா. மதுரையில அப்பா வீட்டுல ஒரு மாசம் இருந்து அங்க ஒரு ஸ்கூல்ல பிரிட்ஜ் கோர்ஸ் படிச்சிட்டு நேத்துத்தான் வந்தா, வந்தவ டப்பாவோட வந்திருக்கா. நான் ஒண்ணும் கேக்கல. மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் என் மக மிருதுளா, கோர்ஸ் முடியும்போது குடுத்துவிட்ட கணக்குத் தாளைப் போட்டுக்கிட்டு இருக்கா. விசை, இயக்கம், ஆற்றல், எல்லாம் நான் வருஷக்கணக்கா டியூசன் எடுக்கிற கணக்குதான். பிளஸ் ஒன்ல அந்த ஸ்கூல்ல சேருற பிள்ளைங்க முதல் நாள் போட்டுக் கொண்டுவரணுமாம். சேருற பிள்ளைங்க. இவ சேருதாளா இல்லையான்னு இன்னும் வாயத் தொறக்கல. சாயங்காலம் அவ அப்பா கார் எடுத்துக்கிட்டு வாராரு, வந்ததும் இவ சொல்லணும், என்கூட இருந்து இங்க பாளையங்கோட்டையிலயே படிக்காளா, இல்ல அங்க போய் அவருகூடவும் அவரு ரெண்டாவதாக் கட்டின அந்த சுபத்ராகூடவும் இருந்து படிக்காளான்னு. அப்ப எதுக்குட்டி இந்தத் தாளைப் போடுதேன்னு காலையில கேட்டுட்டேன், கேக்கக் கூடாதுன்னு நினைச்சு நினைச்சே கேட்டுட்டேன். எங்க சேந்தாலும் கணக்கு கணக்குதானம்மான்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு காலையில இருந்து புரட்டிப் புரட்டிப் பாக்கேன். இங்க சேருதேன்னு அர்த்தமா, அங்க சேருதேன்னு அர்த்தமா, இல்ல வாய மூடிக்கிட்டு கீரையை ஆயின்னு அர்த்தமா.

முத கணக்கு வழுவழுன்னு இருக்கிற சாய்தளம். உச்சியில ஒரு கட்டை, அஞ்சு மீட்டர் உயரம், விட்டா சறுக்கிக்கிட்டு வருது, அடிக்கு வரும்போது என்ன வேகம். நான் எதிர்ல இருந்தே படிச்சிட்டேன். தலைகீழாப் படிக்கதும் தலைகீழா எழுதுறதும் எனக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி, டியூசன் பிள்ளைங்க பக்கத்துல போய்ப் போய்க் குனிய முதுகுக்கு ஆகாது, அதனால எதிர்லயே உக்காந்து பென்சிலை நீட்டி அவங்க நோட்டுல அவங்களுக்கு நேரா இருக்கிற மாதிரி எழுதிக் காட்டுவேன். வடிவு டீச்சர் தலைகீழா எழுதுவாங்கன்னு தெக்கு பஜார் வரைக்கும் பேரு. இந்தக் கணக்குக்கு நான் சொல்லிக் குடுக்கிற வழி ஒண்ணு உண்டு. படம் போடு, கட்டை நடுவுல ஒரு பொட்டு வை, பொட்டுல இருந்து எடையைக் கீழ இழு, அதை ரெண்டாப் பிரி, சரிவோட போற பங்கு எது, சரிவை அமுக்கிற பங்கு எது, அதுல இருந்து முடுக்கம், முடுக்கத்துல இருந்து வேகம். ஒரு பக்கம் முழுசா வரும். வரட்டுமே. கட்டைகூடவே மேல இருந்து கீழ வரைக்கும் நடந்து வந்த மாதிரி இருக்கும். இவ என்ன பண்ணினா தெரியுமா, படமே போடல. மேல இருக்கிற நிலை ஆற்றல், கீழ இருக்கிற இயக்க ஆற்றல், ரெண்டும் சமம், பொசுக்குன்னு ரெண்டு வரி, பத்து மீட்டர், டப்பா. எனக்கு முருங்கைக்காம்பு கையில குத்துச்சு. இது யாரு சொல்லிக் குடுத்ததுன்னேன், சும்மா கேக்கிற மாதிரி, கீரையைப் பாத்துக்கிட்டே. சுபத்ரா ஆன்ட்டின்னு சொன்னா, அவளும் நோட்டைப் பாத்துக்கிட்டே. சுபத்ரா ஆன்ட்டி சொல்லுவாங்களாம், பாதியில என்ன நடந்துச்சுன்னு எனர்ஜி கேக்காதாம், ஆரம்பம் தெரிஞ்சா முடிவு தெரிஞ்சா போதுமாம்.

கேக்காதுதான். அதுக்கு என்ன, அது சௌகரியமா உக்காந்திருக்கு. பாதியில என்ன நடந்துச்சுன்னு கேக்காத ஆளுகளுக்கு எல்லாமே ரெண்டு வரியில முடியும். இந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டுச்சே, உடம்பு பூரா கொப்புளம், வேப்பிலையால தடவிக்கிட்டே ராவெல்லாம் முழிச்சிருந்தேனே, அது பாதியில நடந்தது. அஞ்சாங்கிளாஸ்ல வகுத்தல் வரலைன்னு புளியங்கொட்டையைப் பரத்திப் பரத்திக் காமிச்சது பாதியில. விசைன்னா என்னம்மான்னு கேட்டவளைக் கூட்டிட்டுப் போய் கதவை கீல் பக்கமாத் தள்ளுன்னு சொன்னேன், தள்ளித் தள்ளி மூஞ்சி செவந்து போச்சு, பெறவு தாழ்ப்பாள் பக்கமாத் தள்ளுன்னேன், ஒத்த விரல்ல தொறந்துச்சு, அவ சிரிச்ச சிரிப்பு எனக்குல்லா தெரியும். அதெல்லாம் எந்த ரெண்டு வரியில வருது? இப்ப எல்லாம் முடிஞ்சு, பத்தாங்கிளாஸ்ல நானூத்தி எண்பது வாங்கி, பளபளன்னு தயாரா நிக்கிற பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டு, ஆரம்பம் தெரிஞ்சா போதும் முடிவு தெரிஞ்சா போதும்னு சொல்ல அவளுக்கு என்ன வலிக்குது. எனக்கு வயிறு எரியுது. எரியுதுன்னா சும்மா பேச்சுக்கு இல்ல, நெஞ்சுக்குழியில இருந்து தொப்புள் வரைக்கும் ஒரு கோடு மாதிரி எரியுது, காலையில சாப்பிட்ட தோசை மேல பழி போட்டுப் பாத்தேன், தோசை இல்ல. அதைவிடக் கொடுமை என்னன்னா அந்த ரெண்டு வரி அழகா இருக்கு. கண்ணால பாத்தாலே தெரியுது. என் ஒரு பக்கத்தை விட அந்த ரெண்டு வரி நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் நான் இங்க உக்காந்து எரியுதேன்.

அந்த சுபத்ராவை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். இவளை விட்டுட்டு வர மதுரைக்குப் போனப்போ. பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டுத் திரும்பிரலாம்னு நினைச்சேன், பை ரெண்டு இருந்துச்சு, சரின்னு வீடு வரைக்கும் போனேன். கேட்டுக்கே வந்து பையை வாங்கிக்கிட்டா. உள்ள வாங்கக்கான்னா. அக்கா. என்னை விடப் பத்து வயசு சின்னவளா இருப்பா, காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கா, எம்.பில். வேற, நான் பி.எஸ்சி. பி.எட்., வித்தியாசம் எனக்குத் தெரியாமலா இருக்கு, ஆனா அக்காங்கிற சொல்லு அவ வாயில இருந்து வந்ததும் எனக்குப் புடவை நுனியை எங்க வைக்கதுன்னே தெரியல. கறுப்பா, ஒல்லியா, சும்மா வீட்டுல இருக்கிற சுடிதார், பவுடர்கூடப் போடல. பவுடர் போட்டிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். ஹால் சொவத்துல பெரிய வெள்ளை போர்டு, அதுல பாதி அழிச்ச ஒரு கணக்கு. எலுமிச்சை ஜூஸ் குடிச்சுக்கிட்டே அந்தக் கணக்கை வரி வரியாப் பாத்தேன், எங்கயாவது ஒரு குறி தப்பா இருக்காதா, ஒரு மைனஸ் விட்டுப் போயிருக்காதான்னு. இல்ல. ஜூஸ்ல உப்பு சக்கரைகூட சரியா இருந்துச்சு. எனக்கு எது ஆத்திரம்னா, நான் இந்த வீட்டுல கரும்பலகை மாட்டினப்போ அவரு என்ன சொன்னாரு, வீடா பள்ளிக்கூடமா, தலகாணியெல்லாம் சாக்பீஸ் தூளு, எந்நேரமும் எவன் பிள்ளையாவது கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், எனக்கு மூச்சு விட எடமில்லன்னாரு. பேங்க்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டாமலே வாசல்ல நிப்பாரு. கடைசியில ஒத்துவரலைன்னு சொல்லிட்டு செருப்பைக் கழட்டாமலே போயும் போயிட்டாரு. அந்த மனுசன்தான் இப்ப போர்டுக்குக் கீழ சோபாவுல உக்காந்து பேப்பர் படிக்காரு. அவருன்னுதான் இன்னும் வாயில வருது பாருங்க, அவன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன், யாரோ மாதிரி இருக்கு.

ரெண்டாவது கணக்கு கப்பி. கயித்துல அந்தப் பக்கம் மூணு கிலோ, இந்தப் பக்கம் ரெண்டு கிலோ, யாரு பக்கம் எறங்கும், எவ்வளவு முடுக்கம். இந்தக் கணக்கை இன்னிக்கு யோசிக்கவே எனக்குப் பிடிக்கல. மூணு கிலோ பக்கம் எறங்கும், எறங்கட்டும். அங்க ஏசி ரூம், லேப், லைப்ரரி, அவ அப்பா கார்ல கொண்டு விடுவாரு, போர்டுல ரெண்டு வரியில கணக்குப் போட்டுக் காட்ட ஒருத்தி. இங்க என்ன இருக்கு? நான் இருக்கேன், கீரை இருக்கு, எதுத்த வீட்டு மிக்சி சத்தம் இருக்கு. நான் மட்டும் எத்தனை கிலோன்னு யாராவது சொன்னாத் தேவலை. இவ ரெண்டு சமன்பாடு எழுதலை, ஒரே வரியில கழிச்சு ஒரே வரியில கூட்டி வகுத்துட்டா, முடுக்கம் ரெண்டு, டப்பா. கயிறை நினைச்சே பாக்கல. நான் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன், கயிறும் இழுபடுதுல்லா, அது என்ன பாவம் பண்ணிச்சு, அதுக்கு ஒரு எழுத்து வையின்னு. டியூசன்ல சிரிப்பாங்க. இவளும் சிரிப்பா, கடைசி பெஞ்சுல உக்காந்து, மத்த பிள்ளைங்க மாதிரியே என்னை டீச்சர்னு கூப்பிடுவா, அவங்க போனதும் அம்மான்னு மாறிருவா. அந்த மாறுற நேரம் எனக்குப் பிடிக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. கடைசிப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனதும் இவ பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வந்து மேசையில எனக்கு எதிர்ல உக்காந்து அம்மா பசிக்குன்னு சொல்லுவா பாருங்க. இவ போயிட்டா கடைசிப் பிள்ளை போனதுக்கப்புறம் என்ன நடக்கும்? கேட்டைச் சாத்திட்டு வந்து நான் யாருக்கு எதிர்ல உக்காருவேன்? வேண்டாம். கீரையைப் பாரு வடிவு. காம்பு கிடக்கு இலையில.

சித்தி ஒரு ஃபார்முலா பாட்டு மாதிரி சொல்லித் தந்தாங்கம்மா, அத வச்சா கப்பி கணக்கு எல்லாம் சீக்கிரம் வந்துரும்னு சொல்லுதா. சொல்லிட்டு பென்சிலைச் சீவப் போயிட்டா. என்ன சொன்னா? சித்தி. காலையில ஆன்ட்டி. முத கணக்குல ஆன்ட்டி. கப்பி முடியிறதுக்குள்ள சித்தி. அவளுக்கே தெரியாம வந்துருச்சு, தெரிஞ்சிருந்தா என் முன்னால சொல்லியிருக்க மாட்டா, அந்த அளவுக்கு நல்ல பிள்ளைதான், அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. தெரிஞ்சு சொன்னா சண்டை போடலாம். தெரியாம வாரது உள்ள ஊறிப்போனது. அங்க ஒரு மாசமா சித்தி சித்தின்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா, இங்க எனக்காகத்தான் ஆன்ட்டின்னு மாத்திக்கிட்டு இருந்திருக்கா. டீச்சர்ல இருந்து அம்மாவுக்கு மாறுற மாதிரி. சித்திங்கிறது என் தங்கச்சிக்கு உள்ள பேரு, எனக்குத் தங்கச்சி கிடையாது, அதனால எடம் காலியாக் கிடக்குன்னு எவளும் வந்து உக்காந்துரலாமா. அவ என்ன, இவ தலையைக்கூட சீவிவிட்டாளோ என்னவோ. எண்ணெய் வாசனையே வேற. நான் செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய் குடுத்துவிட்டேன், பாட்டில் பாதிகூடக் குறையாமத் திரும்பி வந்திருக்கு, நேத்துப் பையைப் பிரிச்சதும் முதல்ல அதைத்தான் பாத்தேன். பாத்துட்டு அலமாரியில பின்னால தள்ளி வச்சேன், நான் பாத்தது அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு.

பென்சிலைச் சீவிட்டு வந்து உக்காந்துட்டா. கடைசிக் கணக்கு. இது சொரசொரப்பான சாய்தளம், கேள்வியோட முதல் வரியில உராய்வுக் குணகம்னு போட்டிருக்கதை நான் பாத்துட்டேன். எனக்குள்ள ஒருத்தி நிமிந்து உக்காந்தா. உராய்வு வந்துட்டா பாதியில என்ன நடந்துச்சுன்னு கேட்டே ஆகணும், எவ்வளவு தூரம் தேஞ்சிச்சோ அவ்வளவுக்கு ஆற்றல் சூடாப் போயிருக்கும், வழி நீளமானா நஷ்டமும் நீளம். அதுமட்டுமில்ல, எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டிருக்கான். நேரம்! ஆற்றலுக்கு நேரம் தெரியாது. வேகம் சொல்லும், உயரம் சொல்லும், எத்தனை விநாடி ஆச்சுன்னு கேட்டா முழிக்கும். இப்ப என்ன பண்ணுவா உங்க சுபத்ரா? நேரம் வேணும்னா விசைக்குத்தான் வரணும், முடுக்கத்துக்குத்தான் வரணும், என்கிட்டதான் வரணும். இவ பென்சிலைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சா. ரெண்டு வரி எழுதிப் பாத்தா, அடிச்சா. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு, படம் போடுட்டின்னு, சொல்லல. அவளாப் போட ஆரம்பிச்சா. சாய்கோடு இழுத்தா. கட்டை வரைஞ்சா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, கீரையை மூஞ்சிக்குக் கிட்டத்துல வச்சு மறைச்சுக்கிட்டேன். வந்துட்டாளே, என் வழிக்கு வந்துட்டாளே. கட்டை பக்கத்துல வேகத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டா, அது என் பக்கமாப் பாத்து கீழ இறங்குது, சரி, கட்டை சறுக்கி வருது. இடது கையைத் தாள் மேல வச்சு கேள்வியோட மீதி வரியெல்லாம் மறைச்சுட்டா, பரவாயில்ல, படத்தைப் பாத்தா கணக்கு தானா வரும்னு நான்தானே சொல்லுவேன். கீழ இறங்குற கட்டைக்கு உராய்வு மேல பாத்து இருக்கும், சரிவோட இழுக்கிற பங்கு ஆறு, உராய்வு நாலு, கழிச்சா ரெண்டு, மெள்ளமா வரும், இந்தா நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே மனசுல போட்டுட்டேன். அவ எழுதுதா. ஆறு கூட்டல் நாலு. கூட்டல்! பத்து. முடுக்கம் பத்துன்னு எழுதுதா.

பத்துன்னா என்ன தெரியுமா, பத்துன்னா மாடியில இருந்து கீழ போட்ட கல்லு. சொரசொரப்புல தேஞ்சுக்கிட்டு வாரதுக்குப் பத்து வருமா? உராய்வு போய் எடைகூடச் சேந்துக்கிட்டுத் தள்ளுமா? ஒன்பதாங்கிளாஸ்லயே இந்தத் தப்பைப் பண்ண மாட்டாளே இவ. ஒரு மாசத்துல, ஒரே ஒரு மாசத்துல, நான் வருஷக்கணக்கா உள்ள எறக்கினதை எல்லாம் ரெண்டு வரி டப்பாவை வச்சு அழிச்சுட்டாளே அந்த சுபத்ரா. எனக்குக் கோவம் வந்துச்சுன்னு சொன்னாப் பொய். சந்தோசம் வந்துச்சு. கண்ணு மின்னுற மாதிரி ஒரு சந்தோசம், பெத்த பிள்ளை தப்புப் போட்டதுக்கு இப்படி ஒரு சந்தோசமா, ஆமா, அப்படித்தான் வந்துச்சு. மாட்டிக்கிட்டா. எம்.பில். மாட்டிக்கிட்டா. இதைச் சொல்லணும், இப்பச் சொல்லணும், சாயங்காலம் கார் வாரதுக்குள்ள இந்தப் பிள்ளைக்குப் புரியணும், யாருகிட்ட இருந்தா கணக்கு வரும்னு. கையில இருந்த கீரையைச் சொளவுல போட்டேன்.

"இதுதான் உன் சித்தி சொல்லிக் குடுத்த லட்சணமா? சறுக்கி வாற கட்டைக்குப் பத்து வருமாட்டி?"

சித்தின்னு நான் சொன்னதும் அவ நிமிந்தா. கன்னம் ரெண்டும் செவந்துச்சு. தான் சொன்னது என் காதுல விழுந்துருக்குன்னு அப்பத்தான் அவளுக்கே தெரியும் போல. அழுவான்னு நினைச்சேன், எதுத்துப் பேசுவான்னு நினைச்சேன், பேசினா நல்லா இருக்கும், என்கிட்ட நிறைய இருக்கு, அம்மை, புளியங்கொட்டை, எண்ணெய் பாட்டில், எல்லாத்தையும் வரிசையா எடுத்து வைப்பேன். அவ நோட்டையே பாத்தா. எழுதினதை விரல் வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிச்சா. பெறவு ரொம்ப மெதுவா, டியூசன்ல மக்குப் பிள்ளைக்கு நான் சொல்லுவேனே அந்தக் குரல்ல, சொன்னா.

"அம்மா, இந்தப் பக்கம் வந்து பாரு. கட்டை மேல போகுதும்மா."

மேல எங்கட்டி போகுதுன்னு கேக்க வாயத் தொறந்துட்டு எந்திரிச்சேன். மடியில இருந்த காம்பெல்லாம் தரையில கொட்டிச்சு. மேசையைச் சுத்திக்கிட்டுப் போனேன். எங்க வீட்டு மேசை ஒண்ணும் பெருசில்ல, ஆனா அந்தப் பக்கம் போய் நான் நின்னு எத்தனை காலமாச்சுன்னு யோசிச்சா ஞாபகமே வரல. அவ தோளுக்குப் பின்னால நின்னு குனிஞ்சேன். கையை எடுத்துட்டா. சாய்தளத்தோட அடியில இருந்து ஒரு கட்டையை மேல பாத்துத் தள்ளிவிடுறாங்கன்னு எழுதியிருக்கு, பத்து மீட்டர் வேகத்துல. வேகத்தோட அம்பு மேல போகுது. எனக்கு எதிர்ல இருந்து பாக்கும்போது அது கீழ. இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைங்க படத்தை நான் மனசுலயே திருப்பிப் பாத்திருக்கேன், ஒரு தடவைகூட அம்பு மாறினதில்ல. இன்னிக்குத் திருப்பவே இல்ல. இறங்குதுன்னு நினைக்க ஆசையா இருந்துச்சு, இறங்கிருச்சு. மேல போற கட்டைக்கு உராய்வும் கீழ இழுக்கும், எடையும் கீழ இழுக்கும், ஆறும் நாலும் பத்து. சரி. குறிகூட சரி. கட்டை நடுவுல ஒரு பொட்டு, சின்னதா, பென்சிலை அமுக்கித் திருகி வச்ச பொட்டு, எல்லா அம்பும் அதுல இருந்துதான் கெளம்புது. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அவ என்னைத் திரும்பிப் பாக்காமலே சொன்னா, அங்க ஒரு நாள் இவ போர்டுல இப்படிப் பொட்டு வச்சுப் போட்டாளாம், அதுல இருந்து சித்தியும் பொட்டு வச்சுத்தான் போடுதாங்களாம், காலேஜ்லயும் பிள்ளைங்களுக்கு அப்படியே சொல்லிக் குடுக்காங்களாம். இந்தத் தடவை சித்தின்னு தெரிஞ்சேதான் சொன்னா.

நான் அவ பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எனக்கு அவகிட்ட தப்புன்னு சொல்லணும், அந்த வார்த்தை பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பழக்கமே தவிர எடுத்துக்கிட்டுப் பழக்கமில்ல. சுபத்ரா போர்டுல என் பொட்டு. மார்க்கரை அமுக்கித் திருகி வைப்பாளா, இல்ல லேசாத் தொட்டு எடுப்பாளா? அமுக்கித்தான் வைக்கணும், இல்லாட்டி அம்பு இழுக்கும்போது அழிஞ்சிரும், இவ அதைச் சொல்லிக் குடுத்தாளோ என்னவோ. இதுக்கும் எரியுது எனக்கு, என்னன்னு தெரியாத ஒரு எரிச்சல், திருடிட்டான்னும் சொல்ல முடியாது, வாங்கிக்கிட்டான்னும் சொல்ல மனசு வரல. மிருதுளா மேல போற நேரத்தையும் போட்டு, டப்பா போட்டு, பென்சிலைக் கீழ வச்சா. வச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காலையில இருந்து நான் எதைக் கேக்காம இருந்தேனோ அது வருதுன்னு அவ தோள் சொல்லிச்சு.

"நான் அங்க சேருதேன்மா,"ன்னா. "லேபுக்காக இல்ல. இங்க என்னால தப்புப் போடவே முடியலம்மா. நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள எதிர்ல இருந்து நீ பாத்துருதே. அங்க தப்புப் போட்டுட்டு நானே தேடிக் கண்டுபிடிக்கேன்."

நான் என்ன சொன்னேன்னா, சரின்னு சொன்னேன். எதுத்த வீட்டு மிக்சி நின்னுபோச்சு, அதுவும் ஒட்டுக் கேட்டுச்சோ என்னவோ. மூச்சு விட எடமில்லன்னு வாசல்ல நின்னு ஒருத்தர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, அப்ப அவரு மேல வந்த ஆத்திரம் இப்ப இவ மேல வருதான்னு உள்ள தேடிப் பாத்தேன், வரல, அழுகைதான் வந்துச்சு, அதையும் விடல. அவ என் கையைப் பிடிச்சா. கீரைப் பச்சை ஒட்டின கை. ரெண்டாவது சனிக்கிழமையெல்லாம் வந்துருவேன்மான்னு சொல்லுதா, பரீட்சை லீவுக்கு வந்துருவேன்னு சொல்லுதா, சொல்லிக்கிட்டே இருக்கா, நான் தலையாட்டுதேன், காதுல பாதி விழலை. அந்த நேரம் பாத்து வாசல்ல ஹாரன். அவரு எப்பவும் ரெண்டு தடவை அடிப்பாரு, கேட்டு வரைக்கும் வந்தாலும் உள்ள வர மாட்டாரு. நான் போய்ச் சொல்லிட்டு வாரேம்மா, டிபன் சாப்பிட்டுட்டுக் கெளம்புதோம்னு சொல்லுதேன்னு எந்திரிச்சா. எந்திரிச்சவ நோட்டையும் தாளையும் என் பக்கமாத் தள்ளினா. நேரா, எனக்கு நேரா இருக்கிற மாதிரி. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கிம்மா, நீ போட்டு வையின்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டா.

அவ நாற்காலிக்கு மாறி உக்காந்தேன். சூடா இருந்துச்சு. கேள்வியை நேராப் படிச்சேன். எழுத்தெல்லாம் நேரா இருக்கது எனக்கு என்னமோ புதுசா இருக்கு. கட்டை மேல போய் நின்னதும் மறுபடி கீழ வருமா? வந்தா எவ்வளவு நேரத்துல வரும்? சரிவோட இழுக்கிற பங்கு ஆறு. உராய்வு பிடிச்சு நிறுத்தப் பாக்கும், ஆனா அதால நாலு வரைக்கும்தான் முடியும். ஆறு பெருசு. அப்ப வரும். நின்னுராது. நான் அதை ரெண்டு தடவை எழுதிப் பாத்தேன், குறி எங்கயாவது மாறிருச்சோன்னு, மாறல. மேல போக எடுத்தது ஒரே ஒரு விநாடி, அதை மிருதுளாவே போட்டு டப்பாவும் போட்டு வச்சிருக்கா. திரும்பி வாரதுக்கு முடுக்கம் ரெண்டுதான், அஞ்சு மீட்டர் வழி, வகுத்து வர்க்கமூலம் எடுத்தா ரெண்டு விநாடிக்கும் மேல ஆகுது. போறதை விட வாரதுக்கு எப்பவும் கூட நேரம்தான் ஆகும், உராய்வு இருந்தா அப்படித்தான், வருஷா வருஷம் நான் சொல்லிக் குடுக்கிறதுதான். வாசல்ல அவரு குரல் கேக்கு, இவ ஏதோ சொல்லுதா, அவரு சிரிக்காரு. நான் ஸ்கேலைத் தேடினேன், அது மேசைக்கு அந்தப் பக்கம் கீரைக்குள்ள கிடந்துச்சு, எந்திரிச்சுப் போய் எடுக்கத் தோணல. கையாலயே விடையைச் சுத்தி ஒரு டப்பா போட்டேன், நாலு கோடும் கோணிப்போச்சு.